பர்ன்அவுட்டுக்குப் பிறகு மாரத்தான் இலக்கு: எந்த வழியில் போவது?

44 வயதில் நான் வேலையிலிருந்து ஏழு மாதம் ஒதுங்கி இருந்தேன். நான்கு படி ஏறினாலே உட்காரத் தோன்றும். போனில் அலுவலக மெசேஜ் வந்த சத்தம் கேட்டாலே வயிறு இறுகும். ஐந்தாவது மாதம் ஒரு நாள் காலையில் 20 நிமிடம் நடந்தேன். எட்டாவது மாதம் அதே பாதையில் மெதுவாக ஓடினேன். அன்று மாலையே மனதில் ஒரு எண் வந்து உட்கார்ந்துவிட்டது: 4 மணி நேரத்துக்குள் ஒரு மாரத்தான். முப்பதுகளில் இரண்டு அரை மாரத்தான் ஓடியதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது.

இந்த ஆசையைத் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். பல மாதங்களாக எதுவும் வேண்டாம் என்று கிடந்தவருக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றுவதே பெரிய விஷயம். அதை யாரும் கிள்ளி எறிய வேண்டாம். ஆனால் அந்த ஆசையை எந்த வழியில் கொண்டுபோவது என்பதில்தான் நான் முதலில் தவறினேன். என் முன் நான்கு வழிகள் இருந்தன. 16 வாரத் திட்டத்தை எடுத்து நேராக 4 மணி நேரத்தை நோக்கி ஓடலாம். நேரத்தை மறந்துவிட்டு மாரத்தானை முடித்தால் போதும் என்று ஓடலாம். மாரத்தானைத் தள்ளிவைத்து 5, 10 கிலோமீட்டரில் வேகம் பழகலாம். அல்லது அதே 4 மணி நேர இலக்குக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன், பர்ன்அவுட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் இருந்து, சரியாகச் சமாளிக்கப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்று சொல்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, என்னால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை என்ற எண்ணம்.

மாரத்தான் நம்மை இழுப்பது அந்த மூன்றாவது முகத்தின் வழியாகத்தான். இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம் என்று நம் திறமையை எண்ணில் காட்டுகிற விஷயம் வேறு எது இருக்கிறது? ஆனால் அதற்கான பயிற்சி முழுவதும் முதல் முகத்தின் மேல்தான் போய் விழுகிறது. பயிற்சியும் உடலுக்கு ஒரு சுமைதான். அலுவலகச் சுமை, ஓட்டச் சுமை என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. தூக்கம் கெடுவது, எரிச்சல், தீராத அசதி, முன்பு முடிந்தது இப்போது முடியாமல் போவது ஆகியவை அளவுக்கு மீறிப் பயிற்சி செய்பவர்களிடம் விளையாட்டு மருத்துவர்கள் பார்க்கிற அறிகுறிகள். பர்ன்அவுட்டிலும் ஏறக்குறைய இவையேதான். திரும்பி வந்துகொண்டிருக்கிற ஒருவருக்கு எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது மிகவும் கடினம்.

ஆகவே நான் கடைசியில் வந்து சேர்ந்த அளவுகோல் இதுதான். ஒரு திட்டத்தை அதன் நல்ல வாரத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. தூக்கம் கெட்டு, வேலை குவிந்து, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத வாரம் ஒன்று வரும். அந்த வாரத்தில் இந்தத் திட்டம் என்னிடம் என்ன கேட்கும்? நான் ஓடாமல் விட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு பார்த்தபோது நான்கு வழிகளும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

வயதைப் பற்றிய பயம்

வயது ஏறுகிறதே, இப்போதே ஓடாவிட்டால் அப்புறம் முடியாதே என்ற அவசரம்தான் பலரையும் முதல் வழிக்குத் தள்ளுகிறது. என்னையும் தள்ளியது. உண்மையில் அந்த அவசரத்துக்குத் தேவை இல்லை. கார்லோஸ் லோபஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றபோது அவருக்கு 37 வயது. கான்ஸ்டன்டினா டிட்டா 2008 பெய்ஜிங்கில் வென்றது 38 வயதில். இவர்களாவது வாழ்க்கை முழுக்க ஓடியவர்கள், நடுவயதுக்கு இன்னும் வராதவர்கள் என்று சொல்லலாம். சரி, 1984-ல் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஜோன் பெனாய்ட் சாமுவேல்சன் 2010-ல் சிகாகோவில் 2 மணி 47 நிமிடம் 50 வினாடியில் ஓடினார். அப்போது அவருக்கு 53 வயது. கனடா ஓட்டக்காரர் எட் விட்லாக் 2004-ல் டொரோன்டோவில் மாரத்தானை 2:54:48-ல் ஓடியபோது 73 வயது. அவர் நாற்பதுகளில்தான் ஓட்டத்துக்குத் திரும்பியவர்.

இவர்களைப் போல நாமும் ஓடிவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உடலின் ஆக்ஸிஜன் பயன்படுத்தும் திறன் 30 வயதுக்கு மேல் சும்மா இருப்பவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு அந்தச் சரிவு இதைவிட மெதுவாக இருக்கும். 46-லிருந்து 48-க்குப் போவதால் இழப்பது கொஞ்சம். அந்த இரண்டு வருடத்தில் புதிதாகப் பயிற்சிக்கு வருபவர் பெறுவது அதைவிட நிறைய. வயதோடு உண்மையில் மாறுவது மீள எடுக்கும் நேரம். 25 வயதில் கடினமான ஓட்டத்துக்கு மறுநாளே கால் தயாராகிவிடும். 46-ல் இரண்டு மூன்று நாள் ஆகலாம். தூக்கம் கெட்டிருந்தால் இன்னும் கூட.

நேராக இலக்குக்கு

முதல் வழியை நானே முயன்று பார்த்தேன், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 42.195 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் முடிக்க ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி வேகம் வேண்டும். அதுவும் கடைசிவரை. 16 முதல் 18 வாரத் திட்டங்கள் பெரும்பாலும் வாரத்துக்கு நான்கைந்து நாள் ஓடச் சொல்லும். ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீளமான ஓட்டம், படிப்படியாக ஏறி 30 - 32 கிலோமீட்டரைத் தொடும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவார்கள். அதை டேப்பர் என்கிறோம்.

அந்தத் திட்டங்கள் மோசமானவை அல்ல. பல பேரை அவை இலக்கில் கொண்டு சேர்த்திருக்கின்றன. ஆனால் முதல் வாரத்திலேயே நீங்கள் வாரத்துக்கு 30, 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருப்பவர் என்று அவை வைத்துக்கொள்கின்றன. நான் அப்போது 15 ஓடிக்கொண்டிருந்தேன். முதல் ஐந்து வாரம் மிக நன்றாகப் போனது. அதுதான் ஏமாற்றியது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநாரும் எலும்பும் பழகப் பல மாதம் எடுக்கும். மூச்சு தயார், கால் தயாரில்லை என்ற நிலையில் பல காயங்கள் வருகின்றன.

ஆறாவது வாரம் காலையில் எழுந்ததும் குதிகால் இறுக ஆரம்பித்தது. ஏழாவது வாரம் விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்தது. வழக்கமாகக் காலையில் 56 இருக்கும் நாடித்துடிப்பு 63, 64 என்று நின்றது. வேலையிலிருந்து ஒதுங்குவதற்கு முந்தைய மாதங்களில் எனக்கு இதே விழிப்பு, இதே மணிக்கு வந்திருக்கிறது. தெரிந்தும் ஓடினேன். அட்டவணையில் எழுதியிருந்தது, அதனால் ஓடினேன். இரண்டு நாள் விட்டுப்போனால் அந்தக் கிலோமீட்டரை வார இறுதியில் சேர்த்து ஓடினேன். விட்டுப்போன வேலையை ராத்திரி உட்கார்ந்து முடிக்கிற அதே பழக்கம், இப்போது ஷூ போட்டுக்கொண்டு செய்தேன். ஒன்பதாவது வாரம் நிறுத்த வேண்டியதாயிற்று. குதிகால் சரியாக மூன்று மாதம் ஆனது.

மோசமான வாரத்தில் இந்த வழி என்ன கேட்கிறது என்றால், எப்படியாவது ஓடு என்றுதான் கேட்கிறது. தேதி குறித்தாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது, வாரங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. விட்ட ஒவ்வொரு நாளும் கடனாகத் தெரியும். பர்ன்அவுட் முடிந்து ஒன்றரை, இரண்டு வருடம் ஆகி, தூக்கம் நிலைத்து, காயமில்லாமல் ஆறு மாதமாவது வாரம் 35 - 40 கிலோமீட்டர் ஓடியவருக்கு இந்த வழி சரியாகவே இருக்கும். அவருக்கு அந்தத் தேதியே நல்ல ஊக்கம். இப்போதுதான் எழுந்து நடக்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முடித்தால் போதும் என்று ஓடுவது

கேட்க மென்மையாக இருக்கிறது. நண்பர்களும் வீட்டாரும் முதலில் சொல்வது இதைத்தான்: 'டைம் பார்க்காதே, சந்தோஷமா ஓடு.' ஓடியும் நடந்தும் போகும் முறையும் இதற்குக் கை கொடுக்கும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே பரப்பிய முறை அது. சோர்ந்த பிறகு நடப்பதில்லை. ஆரம்பத்திலிருந்தே சில நிமிட ஓட்டம், அப்புறம் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நடை என்று மாற்றி மாற்றிப் போவது. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். குதிகால் சரியான பிறகு நான் மூன்று மாதம் இப்படித்தான் ஓடினேன்.

ஆனாலும் முழு வழியாக இதை நான் எடுக்கவில்லை, இரண்டு காரணங்களுக்காக. ஐந்தரை, ஆறு மணி நேரம் சாலையில் இருப்பது உடலுக்கு லேசான வேலை இல்லை. வேகம் குறைவு, ஆனால் காலில் விழும் அடிகள் அதிகம், வெயிலில் நிற்கும் நேரம் அதிகம். இரண்டாவது காரணம் மனம் சார்ந்தது. இலக்கு வைத்தே பழகிய ஒருவர், இலக்கு இல்லை என்று வெளியே சொல்லிவிட்டு உள்ளுக்குள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே ஓடுவார். அப்படி ஓடுவதில் நிம்மதியும் இருக்காது, முன்னேற்றமும் இருக்காது. உண்மையாகவே நேரத்தில் ஆர்வம் இல்லாதவருக்கு இது அருமையான வழி. 4 மணி நேரம் என்று மனதில் எண் விழுந்துவிட்டவர் அதை மறைக்காமல் ஒத்துக்கொள்வதே நல்லது.

குறைந்த தூரம்

5, 10 கிலோமீட்டர் பந்தயங்களை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இந்த வழிமேல் மரியாதை ரொம்பவே கூடியிருக்கிறது. 10 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடினால் சில நாளில் உடல் மீண்டுவிடும், மாரத்தானுக்குச் சில வாரங்கள் வேண்டும். ஒரே பருவத்தில் 10 கிலோமீட்டரை நான்கு தடவை முயலலாம். ஒரு நாள் வயிறு சரியில்லை, மழை, தூக்கம் இல்லை என்றால் மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். மாரத்தானில் அந்த ஒரு நாள் கெட்டால் அரை வருட உழைப்பு போனது போலத் தோன்றும். என்னால் முடியவில்லை என்ற எண்ணத்தோடு போராடுகிறவருக்கு, தோற்றாலும் பெரிதாக வலிக்காத பந்தயங்கள் கிடைப்பது மருந்து மாதிரி.

இதிலும் ஒரு பொறி உண்டு. வேகம் வேண்டும் என்றதும் இன்டர்வெல் பயிற்சிக்குப் போய்விடுவோம், அதாவது வேகமாக ஓடி, கொஞ்சம் இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடுவது. வற்றிப்போன உடலுக்கு ஒரு மணி நேர மெதுவான ஓட்டத்தைவிட, மூச்சு வாங்க ஆறு முறை 800 மீட்டர் ஓடுவது அதிகப் பாரம். முதல் மூன்று நான்கு மாதம் அதைத் தொடாமல், மெதுவான ஓட்டத்தின் முடிவில் 20 வினாடி வேக ஓட்டம் நான்கைந்து வைத்தால் போதும். மோசமான வாரத்தில் இந்த வழி கேட்பது மிகக் குறைவு. அதன் ஒரே குறை, மாரத்தான் ஆசை அப்படியே பாக்கி இருப்பதுதான்.

இரண்டு வருடம்

கடைசியில் நான் எடுத்தது இந்த வழியைத்தான். குறைந்த தூர வழியின் பாதியை இதற்குள் எடுத்துக்கொண்டேன். முதல் ஆறேழு மாதம் பேச்சு வருகிற வேகத்தில் மட்டுமே ஓட்டம். அதாவது பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உச்சநிலை வீரர்களின் பயிற்சியைப் பார்த்துச் சொன்னது நினைவில் இருந்தது. அவர்களே ஏறக்குறைய 80 சதவீதப் பயிற்சியை எளிதான வேகத்தில்தான் செய்கிறார்கள். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் உண்டு: கெண்டைக்கால், தொடை, இடுப்பு. இந்த வயதில் அதை விருப்பப் பாடமாக நினைக்கக் கூடாது.

அப்புறம் 10 கிலோமீட்டர் பந்தயம் மூன்று, அதன் பின் ஓர் அரை மாரத்தான். அந்த அரை மாரத்தானை நான் ஒரு வாசலாக வைத்தேன். பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் தந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன்படி தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்கு ஆகும். அந்தக் கணக்கில் 4 மணி நேர மாரத்தானுக்கு அரை மாரத்தான் 1 மணி 55 நிமிடத்தில் முடிய வேண்டும். அதிகத் தூரம் ஓடிப் பழகாதவர்களுக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சம் தாராளமாகவே கணிக்கும். அதனால் 1:50 பக்கம் வந்தால்தான் நம்பலாம் என்று வைத்துக்கொண்டேன். வந்தால் அடுத்த வாசல், வராவிட்டால் இன்னொரு பருவம். இதில் தோல்வி என்ற சொல்லுக்கே இடம் இல்லாமல் போனது.

முதல் தடவை ஓடியபோது 1:58 வந்தது. கணக்குப் போட்டால் 4 மணி 6 நிமிடம். முந்தைய நானாக இருந்திருந்தால், 6 நிமிடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று இறங்கியிருப்பேன். இந்த முறை, முதல் மாரத்தானுக்கு 4:30 என்று வைத்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. உடலில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து கால் கல்லாகும் இடம் பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்கு மேல்தான் வரும். அந்த இடம் எப்படி இருக்கும், வழியில் சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்லில் எத்தனையை வயிறு தாங்கும் என்பதெல்லாம் ஓடாமல் தெரியாது. அவசரமில்லாத வேகத்தில் அதைத் தெரிந்துகொண்டேன். 4:21-ல் முடித்தேன். கடைசி 5 கிலோமீட்டரில் அழுகை வந்தது. வலியில் வந்த அழுகை இல்லை.

இந்த வழியின் விலையையும் சொல்ல வேண்டும். இரண்டு வருட விடிகாலைகளை வீட்டில் இருப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். நடுவில் வேலை மாறலாம், பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போகலாம். மெதுவாக ஓடுவது சில மாதங்களில் சலிப்பாகவும் இருக்கும், மற்றவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். ஆனால் மோசமான வாரத்தில் இது என்ன கேட்கிறது? மூன்று நாள் 30 நிமிடம் மெதுவாக ஓடு, முடியாவிட்டால் நட. 100 வாரங்களில் ஒரு வாரம் போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

தகுதி நேரம் வைத்து ஆள் எடுக்கும் பாஸ்டன் மாரத்தானைக் கனவு காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2026 பந்தயத்துக்கான தகுதி நேரம் 45 - 49 வயது ஆண்களுக்கு 3 மணி 15 நிமிடம், பெண்களுக்கு 3 மணி 45 நிமிடம். அதைத் தொட்டாலும் இடம் உறுதி இல்லை. அந்த ஆண்டு தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 வினாடி வேகமாக ஓடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. நம் பங்கை முழுவதும் செய்த பிறகும் முடிவு வேறு யாரோ கையில் இருப்பது, வேலையில் நம்மைச் சோர வைத்த அதே அமைப்பு. அதை முதல் இலக்காக வைக்காமல், சொந்தமாக ஓர் எண்ணைத் தொட்ட பிறகு யோசிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

எந்த வழியானாலும் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இதயப் பரிசோதனை, ரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு ஆகியவற்றைக் கேளுங்கள். நாற்பதுகளின் பின்பாதியில் இருக்கும் பெண்கள் மாதவிடாய் மாற்றங்களையும் சேர்த்துப் பேசுவது நல்லது, தூக்கமும் மீட்சியும் அதனால் மாறும். எதிலும் பிடிப்பில்லாத சோகம் வாரக்கணக்கில் நீடித்தால் அது பர்ன்அவுட்டைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். ஓட்டத்தை அதற்கான சிகிச்சைக்கு மாற்றாக வைக்காதீர்கள். கோச் வைக்க முடிந்தால், அதிகம் ஓட வைப்பவரைவிட 'இன்று வேண்டாம்' என்று சொல்லத் தயங்காதவரைத் தேடுங்கள்.

போன மாதம் அரை மாரத்தானை 1:51-ல் முடித்தேன். கணக்கு 3 மணி 51 நிமிடம் என்கிறது. 4 மணி நேரத்துக்கான மாரத்தானுக்கு இன்னும் 11 வாரம் இருக்கிறது. இந்த வாரம் இரண்டு இரவு தூக்கம் சரியில்லை. காலை நாடி 61. நாளைக்கு எழுதியிருந்த இன்டர்வெல்லை அடித்துவிட்டு, 40 நிமிட நடை என்று எழுதிவைத்திருக்கிறேன்.